வெள்ளெலிக்கு ஆசைப்பட்டவள்

எங்கள் வீட்டு எலி நடுப்பகலில் செத்தது. ராத்திரியில் செத்திருந்தால் பூனை அடித்துப் போட்டிருக்கும் என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அது உச்சிவெயில் நேரத்தில், யாருக்கும் பயப்படாமல், சமையலறை நடுவே தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து, நெடுந்தூரம் நடந்து களைத்த உறவுக்காரர் மாதிரி ஆட்டுக்கல் ஓரமாகப் படுத்துக்கொண்டது. பிறகு எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து பார்ப்பதற்குள் அம்மா என்னை இடுப்பில் வாரிக்கொண்டு வீதிக்கு ஓடிவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. இடுப்பில் தூக்குகிற வயதெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது.

முப்பதுகளில் கோயமுத்தூரில் எலி விழுவது என்றால் என்னவென்று குழந்தைகளுக்கும் தெரியும். பிளேக் வருகிறது என்று அர்த்தம். ஒரு வீட்டில் எலி விழுந்தால் அந்த வீதியே சட்டிபானையோடு கிளம்பி, ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்பா ஒரு பஞ்சுக் கிடங்கில் வேலை பார்த்தார். கிடங்கை விட்டு அவரால் வர முடியாது. தான் கொட்டகையில் தங்கிக்கொள்வதாகச் சொல்லி, அம்மாவையும் என்னையும் அன்று சாயங்காலமே மாட்டுவண்டி பிடித்து அன்னூர்ப் பக்கம் அனுப்பிவைத்தார். அங்கே என் தாய்மாமனுக்குத் தோட்டம் இருந்தது. மாமா அம்மாவுக்குத் தம்பி. அவரும் அத்தையும் தோட்டத்துக்குள்ளேயே ஓடு வேய்ந்த சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். அப்படித் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டை அந்தப் பக்கத்தில் சாளை என்பார்கள்.

அது மார்கழிக் கடைசி. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. திட்டுகிற வாத்தியார் இல்லை. காலையில் கிணற்றில் கவலை இறைக்கிற மாடுகள் முன்னும் பின்னும் நடக்கிற சத்தத்தில் விழிப்பேன். வாய்க்காலில் முகம் கழுவுவேன். பிளேக் என்பது இவ்வளவு நல்ல சமாச்சாரம் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அது வருஷா வருஷம் வரவேண்டும் என்று சாமி கும்பிட்டிருப்பேன்.

அம்மாதான் நிம்மதியாக இல்லை. விடிந்ததும் விடியாததுமாகச் சோளப் பானைகளின் பின்னாலும் பருத்தி மூட்டைகளின் அடியிலும் விளக்கைக் காட்டிப் பார்ப்பாள். கூரையில் ஓடு நகர்ந்தால் சமையலை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள். எலி என்ற சொல்லையே அந்த வீட்டில் தடை செய்துவிட்டாள். சொல்லித்தான் தீரவேண்டும் என்கிற இடத்தில் ‘அது’ என்றாள். மாமா எங்கிருந்தோ ஒரு பூனையை இரவல் வாங்கி வந்தார். பூனை ஒரு குண்டான் பாலைக் குடித்துவிட்டு அன்றைக்கே தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

இப்படி எலிக்குப் பயந்து ஓடிவந்த இடத்தில்தான் நான் அந்தப் பிராணியைப் பார்த்தேன்.

பொங்கல் கழிந்த சமயம். சோளக்கதிரை அறுத்து, தாளைத் தட்டுப்போராக அடுக்கியாகிவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் மாமா கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு அறுத்த சோளக்காட்டு வழியாக வர, நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வெறிச்சோடிக் கிடந்த செம்மண் நிலத்தில், கிளுவை வேலி ஓரமாக, ஏதோ ஒன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. முதுகு காய்ந்த சோளத்தாள் நிறம். வயிறு மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி வெள்ளை. கண்கள் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல் பெரியதாக, ஈரமாக இருந்தன. முன்னங்கைகள் இரண்டையும் மார்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. நான் மூச்சை விட்டேன், அது இல்லை. யாரோ பிடுங்கி எறிந்த மாதிரி ஒரு ஆள் தூரம் தாவி, மறுபடி தாவி, மறைந்துவிட்டது. வால் நுனியில் ஒரு கறுப்புக் குஞ்சம் இருந்தது என்பது அது போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அது என்னங் மாமா?”

“வெள்ளெலி” என்றார் மாமா. பிறகு சாளைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. நாளைக்கே வண்டி பூட்டச் சொல்லிப்போடுவாங்க.”

நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு வேலி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அதை இன்னொரு தடவை, கொஞ்சம் கிட்டத்தில், பார்த்துவிட வேண்டும். அது வரவில்லை. அதன் வளை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்தேன். வாசலில் தினமும் புது மண் தள்ளிக் கிடக்கும். கடித்துப் போட்ட சோளக்கதிர் கிடக்கும். தூசியில் குஞ்சம் இழுத்த கோடு இருக்கும். நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது வீட்டில் இல்லாத மாதிரியே நடந்துகொண்டது. நான் எழுந்து நாலடி நடந்து திரும்பிப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தாவல் தெரியும். என்னை ஏமாற்றுவதில் அதற்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சமயத்தில் வீட்டில் நடந்த ஒன்றை நான் கவனித்தேன், புரிந்துகொள்ளவில்லை. அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவள் நன்றாகச் சிரிக்கிறவள், நன்றாகச் சாப்பிடுகிறவளும்கூட. இப்போது அம்மா களி உருண்டையைத் தட்டில் போட்டுக் கொடுத்தால், தலைவலிக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு வெளியே போவாள். போய்க் கன்றுக்குட்டிக்கு ஊட்டிவிட்டு வெறும் தட்டோடு திரும்புவாள். கன்றுக்குட்டியின் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒருநாள் நான் வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமா வந்து பக்கத்தில் குந்தினார். மாமா பேச்சுக் குறைந்த மனிதர். நிமிர்ந்த நடை. வேட்டி நுனி மண்ணில் படாமல் நடப்பார். வேலை ஆட்களைக்கூட உரக்கக் கூப்பிட மாட்டார். பழனிக்கு வேண்டிக்கொண்டு ஒரு வருஷமாகக் கவிச்சி தொடுவதில்லை. இது சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

“ஏன் கண்ணு, உனக்கு வெள்ளெலின்னா ஆசைதானே?”

“ஆமாங் மாமா.”

“யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லோணும். எனக்குத்தானுங்க ஆசை, நான்தான் மாமாகிட்டக் கேட்டேன்னு சொல்லோணும். என்ன?”

தலையாட்டினேன். பொய் இல்லையே. எனக்கு ஆசைதான். மாமாவுக்கு என் மேல் இருக்கிற பிரியத்தை நினைத்து நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாள் அம்மா துணி துவைக்கப் போன நேரமாகப் பார்த்து மாமா மண்வெட்டியோடு வந்தார். தோட்டத்து நாயும் கூடவே வந்தது. வளையின் வாயில் வெட்ட ஆரம்பித்தார். வளை நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பிற்று, கீழே இறங்கிற்று, இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. மாமா முழங்கால் ஆழம் வெட்டி, இடுப்பு ஆழம் வெட்டி, கடைசியில் தலைப்பாகை மட்டும் வெளியே தெரிய நின்றார். அந்த வேட்டி செம்மண் நிறமாகிவிட்டது. ஒரு அறையில் சோளக்கதிர்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. “பாத்தயா, நம்மளவிட நல்லா அடுக்கியிருக்குது” என்று ஒரு கதிரை எடுத்து எனக்குக் காட்டினார். அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத வெறுந்தரையிலிருந்து, மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெள்ளெலி மேலே பாய்ந்தது. மாமாவின் தோளைத் தாண்டி என் காலடியில் விழுந்து எழும்பிப் போயிற்று. நாய் மும்முரமாகக் குரைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிற்று.

“என்ன தம்பி, புதுசாக் கெணறு வெட்டறயா?”

வேலிக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. கிழக்குத் தோட்டத்துக்காரர். மாமாவுக்குப் பங்காளி முறை. வாய் ஓயாத மனிதர். சந்தைக்குப் போகிற வழியில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் நின்று பேசிவிட்டு, சந்தை கலைந்த பிறகு போய்ச் சேருகிறவர்.

மாமா குழியிலிருந்தபடியே சொன்னார். “இல்லீங்ணா. கொழந்தை கேட்டுது. வெள்ளெலி வேணுமாமா.”

அவர் என்னைப் பார்த்தார். “அடடே. பட்டணத்துப் புள்ளைக்கு வெள்ளெலிக் கறி மேல ஆசை வந்துபோடுச்சா?”

கறி என்று நான் எப்போது சொன்னேன்? வாயைத் திறந்தேன். மாமா குழிக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பெரியவர்கள் யாரும் அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“ஆமாங்க” என்றேன்.

அம்மாவின் காதை மட்டும் விட்டுவிட்டு, அந்த வாரத்துக்குள் என் ஆசை அன்னூர் வரைக்கும் பரவிவிட்டது. தண்ணீருக்கு வந்த பெண்கள் என்னை நிறுத்தி, “நீதான் வெள்ளெலி கேட்ட அம்மணியா?” என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கு அவமானத்தில் காது சூடாகும். நான் அதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன் என்று ஒவ்வொருவராகப் பிடித்து எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது என்று வேறு இருக்கிறதே.

இரண்டாவது முயற்சிக்குக் கிழக்குத் தோட்டத்துக்காரர் தானே பொறுப்பேற்றுக்கொண்டார். வெட்டிப் பிடிப்பது விவரம் தெரியாதவர்கள் வேலை, புகை போட்டுத்தான் பிடிக்கவேண்டும் என்றார். அடியில் ஓட்டை போட்ட பானை ஒன்றில் வைக்கோலும் காய்ந்த சாணமும் திணித்துத் தீ வைத்து, பானையின் வாயை எலி புதிதாகத் தோண்டியிருந்த வளையின் வாசலில் பொருத்தி, ஓட்டை வழியாகக் கன்னம் உப்ப ஊதினார். புகையெல்லாம் உள்ளே போயிற்று. தெரிந்த மூன்று வாசல்களிலும் மாமாவும் நாயும் நானும் காத்திருந்தோம். அவர் ஊதி ஊதிக் கண் சிவந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து இருமிவிட்டு, மறுபடி ஊதினார். எலியும் வரவில்லை, புகையும் வரவில்லை. “உள்ளயே மயங்கியிருக்கும்” என்றார்.

அப்போது சாளைப் பக்கமிருந்து அம்மா அலறுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். வீட்டை ஒட்டியிருந்த சோளத்தட்டுப் போரின் அடியிலிருந்து குபுகுபுவென்று புகை வந்துகொண்டிருந்தது.

வளை அவ்வளவு தூரம் போயிருந்தது. போருக்கு அடியில் அதற்கு ஒரு வாசல் இருந்தது. தீ எதுவும் இல்லை, வெறும் புகைதான்; ஆனால் அதை யார் நின்று பார்த்தார்கள்? மாமா தலைப்பாகை விழ ஓடினார். கவலை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வருஷத்துக்கான மாட்டுத் தீவனம். ஆளுக்கொரு பக்கமாகப் போரைப் பிரித்துத் தட்டுகளை வீசி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். அடிவரைக்கும் பிரித்த பிறகு ஒரு சின்ன ஓட்டையும் அதிலிருந்து சாவதானமாக வந்துகொண்டிருந்த புகையும் தெரிந்தன. கிழக்குத் தோட்டத்துக்காரர் கையில் புகைகிற பானையோடு வந்து சேர்ந்தார். பானையைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“என்ன தம்பி இது?” என்றாள்.

கிழக்குத் தோட்டத்துக்காரர்தான் சொன்னார். “ஒண்ணுமில்லீங் அம்மணி. உங்க புள்ளை வெள்ளெலிக்கு ஆசைப்பட்டுது. காட்டெலிக்கு அந்தச் சீக்கெல்லாம் வராதுங்க. நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க.” எலியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

அம்மாவின் முகம் வெளுத்தது. என்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். “ஊரே உட்டுப்போட்டு ஓடியாந்திருக்கறோம். அங்க உங்கப்பன் என்ன ஆனாரோன்னு நான் சோறு எறங்காம இருக்கறேன். நீ எலி புடிச்சுத் தரச் சொல்லிக் கேக்கறயா?” தடை செய்திருந்த சொல்லை அவளே சொல்லிவிட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஈரச் சோளத்தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு அடி விழுந்தது.

“நங்கையா, அவளை அடிக்காதீங்க.”

அத்தைதான். அம்மாவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். புகை அவள் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மேலே ஏதோ சொல்ல வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பொடக்காளிப் பக்கம் ஓடினாள். வீட்டின் பின்புறமிருந்து அவள் குமட்டி வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது.

அம்மாவின் கை என் தலைக்கு மேலே அப்படியே நின்றது. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். அம்மா என்னை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள்.

வெகுநேரம் அவர்கள் இருவரும் வரவில்லை. நான் அழுது முடித்து, அழுகையை யாரும் கவனிக்காததால் எட்டிப் பார்த்தேன். அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அத்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாமா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா களியைப் போட்டபடியே சொன்னாள். “நாளைக்குக் காத்தால நேரமே போலாம். வெயிலுக்கு முன்னாடின்னா அது வளையோட மேல் அறையில படுத்திருக்கும்.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “அக்கா, நீங்களா?”

“நீங்க ரெண்டு பேரும் புடிக்கறதப் பாத்தா வெள்ளாமையே மிஞ்சாது.”

என்னை அடித்துவிட்டதற்காக அம்மாவின் மனது கிடந்து துடிக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். என் ஆசைக்காக, அவ்வளவு அருவருக்கிற பிராணியைப் பிடிக்க அவளே கிளம்புகிறாளே. இன்னும் ரெண்டு அடி விழுந்திருந்தால் என்னென்ன கிடைத்திருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டில் இறங்கியதை நான் மறக்கவே முடியாது. என் அம்மாவுக்குக் கெண்டைக்கால் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெறுங்காலோடு, குதிகாலால் மண்ணை அழுத்தி அழுத்தி, புது வளையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். மாமா ஏதோ யோசனை சொல்லப்போனார்.

“நான் இந்தக் காட்டுல எலி புடிச்சுட்டுத் திரியறப்ப நீ தவுந்துட்டு இருந்தே” என்றாள் அம்மா. “சும்மா இரு.”

ஓரிடத்தில் அவள் குதிகால் லேசாக உள்ளே அமுங்கிற்று. மேலே பார்த்தால் வெறுந்தரை. உள்ளே இருந்து எலி அந்த வாசலை முழுக்கத் திறக்காமல், ஆபத்துக்கு உதவ மேல்மண்ணை மட்டும் மெல்லிசாக விட்டுவைத்திருந்தது. அந்த இடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதைக் கையாலும் முழங்காலாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற வாசல்களை நானும் மாமாவும் மண்கட்டியால் அடைத்தோம். “வெட்டு” என்றாள். மாமா பெரிய வாசலில் நாலே வெட்டு வெட்டினார். கூடை குதித்தது. மறுபடி குதித்தது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கூடையின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். அவள் உதடுகள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

கூடைக்குள் இரண்டு இருந்தன. பின்னலின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் தூரத்தில் அந்தப் பெரிய கண், காலை வெயில் அதில் ஒரு புள்ளியாகத் தெரிய, என்னைப் பார்த்தது. மீசை நடுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை சாயங்காலம் நான் இதற்காக உட்கார்ந்திருந்தேன். கூடையிலிருந்து முகத்தை எடுத்தேன்.

“அம்மா, உட்டுர்லாம்மா” என்றேன். “எனக்கு வேண்டாம். நான் பாத்துட்டேன்.”

அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஒண்ணு போதும்” என்றாள் அம்மா. மாமா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடைக்குள் விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் வேகமாக நடந்துபோனார். அம்மா என் கையைப் பிடித்துக் கூடையின் விளிம்பில் வைத்தாள். “தூக்கு” என்றாள்.

தூக்கினேன். அது வேலிப் பக்கம் ஓடவில்லை. நேராக என் மேலேயே எழும்பி, கன்னத்தை உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று. அந்தக் குஞ்சம் பட்ட இடம் அன்றைக்கு முழுவதும் குறுகுறுவென்றே இருந்தது. நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு என்னை வாய்க்காலுக்கு இழுத்துப்போய் என் கையையும் முகத்தையும் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். தன் கையைத் தோல் சிவக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மண் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று அடுப்பை வீட்டுக்கு வெளியே மூன்று கல் வைத்து மூட்டினாள். மாமா, விரதக்காரர், வாசனை படாத தூரத்துக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டார். அம்மா மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்தாள். அரைக்கும்போது என்னைக் கூப்பிட்டு, கிழக்குத் தோட்டத்துக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் ஒரு பருக்கை இல்லை. விரலை ஒவ்வொன்றாக வாயில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டே, கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு?” என்றேன்.

“உனக்கு முட்டை வெச்சிருக்கறேன், போயிக் கை களுவீட்டு வா.”

நான் எலியைத் தின்ன விரும்பவில்லை. அது வேறு விஷயம். ஆனால் ஊரெல்லாம் கேலி செய்வது என்னை, முதுகில் அடி எனக்கு, கறி அத்தைக்கு என்றால் அது என்ன நியாயம்? முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அத்தை என்னை இழுத்து மடியில் படுக்கவைத்துக்கொண்டாள். அவள் கையில் மிளகு வாசனை அடித்தது. மறுநாள் கிழக்குத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “கறி எப்படி அம்மணி இருந்துச்சு?” என்று கேட்டார். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, “நல்லா இருந்துச்சுங்க” என்றேன். அவர் வாயில் எச்சில் ஊறியது தெரிந்தது.

எனக்குக் கல்யாணமாகி, நானே பெற்றுப் பிழைத்த பிறகுதான் அம்மா இதையெல்லாம் சொன்னாள். அத்தைக்கு அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, நாலு மாசம் தாண்டாமல் போயிருக்கிறது. இரண்டு தடவையும் ஊரெல்லாம் தெரிந்து, ஆளாளுக்கு வந்து விசாரித்து, பிறகு அதே ஆட்கள் வந்து துக்கம் கேட்டார்கள். அதனால் மூன்றாவது தடவை இருவரும் யாரிடமும், அம்மாவிடம்கூட, வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். மாமாவின் விரதமும் அதற்காகத்தான். எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டிருந்த அத்தைக்கு, சின்ன வயதில் அப்பன் வீட்டுக் காட்டில் தின்ற வெள்ளெலிக் கறி மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்ததாம். அந்த ஆசையை ஊரார் முன்னால் வைக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. என் பெயர் கைக்கு எட்டுகிற தூரத்தில், வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

இதில் ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. பங்குனிக் கடைசியில் ஊர் சுத்தமாகிவிட்டது, வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது என்று அப்பாவே வண்டியோடு வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மா உள்ளே போய், நெடுநேரம் கழித்துத்தான் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தை இதற்குள் பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், கொஞ்சம் பெருத்தும் இருந்தாள். நாங்கள் வண்டியேறப் போகிற சமயத்தில் என்னைத் தனியாகக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஏதோ தின்னக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் உள்ளங்கையைப் பிடித்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள்.

“இரு கண்ணு” என்றாள். “பேசாத இரு.”

இருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் கைக்கு அடியில், உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று துள்ளிற்று. சின்னதாக, பலமாக, மறுபடியும். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து என் தலையைத் தடவி, “யாருகிட்டயும் சொல்லாத” என்றாள்.

சொல்லவில்லை. வண்டி தோட்டத்தைத் தாண்டி அன்னூர் ரோட்டில் ஏறிற்று. அம்மா அப்பாவோடு பேசிக்கொண்டு, அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்திராத சந்தோஷத்தோடு வந்தாள். நான் மட்டும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, சிறுத்துக்கொண்டே போகிற அந்த ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா கறியைச் சரியாக வேகவைக்கவில்லை, அது உள்ளே இன்னும் உயிரோடு குதித்துக்கொண்டிருக்கிறது, பாவம் அத்தை அது தெரியாமல் சிரிக்கிறாள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.